4,600 வெள்ளி போச்சு! பழைய காண்டோவில் வாடகை வீடு தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, இங்கே சிங்கப்பூரில் வாடகை வீடு பிடிக்க ஓர் ஏஜென்ட்டை நம்பி 4,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினேன். இன்று ஞாயிறு. பணமும் இல்லை, வீடும் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுவேன். அந்த ஏஜென்ட்டும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

முதலில் ஏன் பழைய காண்டோ (நீச்சல்குளம் போன்ற வசதிகளோடு இருக்கும் தனியார் அடுக்குமாடி) என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர். என் கணவருக்கு தெம்பனிஸ் பக்கம் வேஃபர் ஃபேப்பில் (சிப் தயாரிக்கும் ஆலை) பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவு வேலை நாட்களில் காலை எட்டரைக்கு வந்து படுத்தால் நாலு மணி வரை எழுப்பக் கூடாது. பெரியவளுக்கு இந்த வருடம் பி.எஸ்.எல்.இ. (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). சின்னவன் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும். போதாததற்கு ஊரிலிருந்து அத்தையும் வந்திருக்கிறார்கள். புது காண்டோக்களில் மூன்று அறை என்பார்கள். ஆனால் கட்டில் போட்டால் அலமாரியைத் திறக்க முடியாது. சமையலறைக்குக் கதவும் கிடையாது. நாம் கடுகு தாளித்தால் ஹாலில் உள்ள சோபா வரைக்கும் மணக்கும்.

1980களில் கட்டிய காண்டோக்கள் அப்படி இல்லை. கதவு வைத்த சமையலறை, அதற்குப் பின்னால் துணி காயப்போட யார்டு, பணிப்பெண்ணுக்கென்று ஒரு சின்ன அறை, புதுசைவிடப் பெரிய வீடு. நீச்சல்குளம், டென்னிஸ் கோர்ட், பார்பெக்யூ இடமெல்லாம் பழசாக இருந்தாலும் விசாலமாக இருக்கும். 1990களின் கடைசியில் கட்டாயமாக்கிய அந்த வெடிகுண்டுப் புகலிட அறையும் இந்தக் கட்டடங்களில் இருக்காது. அந்த இடமும் வீட்டுக்கே மிச்சம்.

எங்களுக்கு வேண்டியது 'டம்ப்பெல்' என்று சொல்லும் லேஅவுட். நடுவில் ஹால், ஒரு பக்கம் மாஸ்டர் பெட்ரூம், மறுபக்கம் மற்ற இரண்டு அறைகள். நடைபாதைக்கென்று இடம் வீணாகாது என்பார்கள். எனக்கு அது முக்கியமில்லை. பகலில் தூங்குகிற மனுஷனுக்கும் பகலில் கத்துகிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு ஹால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு தேடும் செயலி ஒன்றில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் அப்படியே ஒன்று கண்ணில் பட்டது. ஒன்பது படங்கள், ஃப்ளோர் பிளான், மாத வாடகை 4,600 வெள்ளி. புது ரயில் பாதை வந்தபிறகு அந்தப் பக்கம் இந்த வாடகைக்கு இந்த அளவு வீடு கிடைப்பது அரிது. உடனே வாட்ஸ்அப் செய்தேன். பதில் தமிழில் வந்தது.

அங்கேதான் சறுக்கினேன். "அக்கா, நீங்க எந்த ஊரு?" கும்பகோணம் என்றேன். "எங்கம்மாவுக்குப் பாபநாசம்க்கா!" வீடு பார்க்கப் போன அன்று அத்தைக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பார்த்து வாங்கம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சின்னவனை டென்னிஸ் கோர்ட் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். அத்தை திரும்பி வரும்போது டாக்சியில் சொன்ன வார்த்தை: "நல்ல புள்ளை. வளர்த்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க."

காட்டிய வீடு 07-03. விளம்பரத்தில் இருந்த அதே பிளான். மாஸ்டர் பெட்ரூம் ஜன்னல் கார் பார்க் பக்கம், மதியத்திலும் ஒரு சத்தமில்லை. யார்டில் நல்ல வெயில். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போது சொன்னார், "இது வேற ஒருத்தருக்கு முடிஞ்சு போச்சுக்கா. உங்களுக்கு இதே மாதிரி கீழ ஒண்ணு இருக்கு. அதே ஸ்டாக், மேல கீழ ஒரே வரிசை. அதே லேஅவுட். ஓனர் இந்த ஓனரோட சொந்தக்காரர். இப்ப குடியிருக்கறவங்க வீட்ல கைக்குழந்தை, யாரையும் உள்ள விட மாட்டேங்கறாங்க. நான் இருக்கேன்ல? உங்களுக்குக் கமிஷன்கூட வேணாம், ரெண்டு பக்கமும் நானே பார்த்துக்கறேன்."

'ரெண்டு பக்கமும் நானே' என்பது இங்கே சட்டப்படி கூடாது. ஒரே ஏஜென்ட் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் சேர்ந்து வேலை பார்க்கக் கூடாது. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அது எனக்கு அன்பாகத் தெரிந்தது.

அன்று மாலையே எல்.ஓ.ஐ. அனுப்பினார். வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கடிதம். அதோடு ஒரு மாத வாடகையை 'நல்லெண்ண முன்பணம்' என்று கட்ட வேண்டும். யாருடைய நல்லெண்ணம் என்று கேட்காதீர்கள். நான் ஒன்றும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. ஏர்கான் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் செலவு, வேலை போனால் முன்னதாகக் காலி செய்ய டிப்ளமாட்டிக் கிளாஸ் உண்டா, என்-பிளாக்கில் விற்றால் எத்தனை மாத நோட்டீஸ் என்றெல்லாம் அரை மணி நேரம் பேரம் பேசினேன். (பத்து வருடம் தாண்டிய கட்டடத்தில் 80 விழுக்காடு பங்குள்ள உரிமையாளர்கள் சேர்ந்தால் மொத்தமாக விற்றுவிடலாம். பழைய காண்டோவில் அந்தப் பயம் எப்போதும் உண்டு.) வாஷிங் மெஷினை மாற்றித் தரச் சம்மதிக்கவும் வைத்தேன். பெரிய கெட்டிக்காரி!

அந்தக் கடிதத்தின் முதல் வரியில் வீட்டு எண் 02-11 என்று இருந்தது.

பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கோட்டுக்கு முன்னால் மாடி, பின்னால் ஸ்டாக் என்று எனக்குத் தெரியாதா? 07-03க்கு நேர் கீழே இருப்பது 02-03 தானே? 11 என்றால் கட்டடத்தின் வேறு மூலை. என் கண் அந்த எண்ணைப் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன், 4,600 வெள்ளி.

புதன்கிழமை திரைச்சீலைக்கு அளவு எடுக்கலாம் என்று நானாகப் போனேன். வாசலில் நின்று கேட்டுப் பார்ப்போம் என்ற நினைப்பு. கதவைத் திறந்தவர் ஒரு சீன ஆன்ட்டி. கைக்குழந்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் பேரன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கிறானாம். யாரும் இதுவரை வீடு பார்க்கவேண்டும் என்று கேட்கவே இல்லை என்றார். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உள்ளே கூப்பிட்டுப் பச்சைத் தேநீர் கொடுத்தார்.

நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். டம்ப்பெல்லா? ரயில்பெட்டி! நீளமாக ஒரு நடைபாதை, அதில் வரிசையாக அறைகள். மாஸ்டர் பெட்ரூமும் பிள்ளைகள் அறையும் ஒரே சுவர். மூன்றாவது அறை என்று சொன்னது சாப்பாட்டு மூலையைப் பலகை வைத்து அடைத்தது. ஜன்னல் இல்லை, ஏர்கானும் இல்லை. அதற்கு நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினார்களா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மாஸ்டர் பெட்ரூம் ஜன்னலைத் திறந்தேன். நேர் கீழே பிள்ளைகள் குளம், பக்கத்தில் பார்பெக்யூ அடுப்புகள். மத்தியானம் இரண்டு மணி. ஒரு நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நீச்சல் மாஸ்டர் ஊதுகிற விசில் காதைக் கிழித்தது. இந்த அறையில்தான் என் வீட்டுக்காரர் பகலில் தூங்க வேண்டும்.

வரும் வழியில் மேனேஜ்மென்ட் ஆபீஸுக்குள் போனேன். சுவரில் மொத்தக் கட்டடத்தின் பிளானும் தொங்குகிறது, ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் ஒரு நிறம். 03 பச்சை, 11 மஞ்சள். அங்கிருந்த பெரியவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஓட்டை உடைசல் டைல்ஸ் மாற்றப் பெரிய குளத்தை மூன்று மாதம் மூடப்போகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். இரண்டே நிமிடம். இதை முன்னாலேயே செய்திருந்தால் 4,600 வெள்ளி என் கணக்கில் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். "டென்ஷன் ஆகாதீங்கக்கா, ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்." மறுநாள் "மீட்டிங்ல இருக்கேன்". அதற்கு மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு செய்தி, 'டியர் மேடம்' என்று தொடங்குகிறது. அக்கா போய் மேடம் வந்தபோதே பணம் திரும்பாது என்று புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் பின்வாங்கினால் முன்பணம் உரிமையாளருக்கே என்று கடிதத்தில் இருக்கிறதாம். உரிமையாளரைக் கேட்டால் "எதுவானாலும் ஏஜென்ட்டோடு பேசுங்கள்". அவருடைய நிறுவனத்தைக் கேட்டால் "மூன்று வேலை நாளில் அழைப்போம்". ஒன்பது நாள் ஆயிற்று. செயலியின் உதவிப் பக்கத்தில் ஒரு ரோபோ, விளம்பரத்தில் உள்ள தகவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறது. ஃப்ளோர் பிளானை விரித்துப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில் 'மாதிரிக்கு மட்டும்' என்று அடியில் இருக்கிறது.

கடைசியாக வெள்ளிக்கிழமை வந்த சமாதானம்: தன்னிடமே வேறு வீடு எடுத்தால் பாதிப் பணத்தைக் கழித்துக்கொள்கிறாராம். என் 4,600 வெள்ளியை வைத்தே எனக்குச் சலுகை!

அவர் போலி ஏஜென்ட்டும் இல்லை. வீட்டு ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சி.இ.ஏ.யின் பதிவேட்டில் தொலைபேசி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பெயர், படம், உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறது. அங்கே புகார் கொடுத்துவிட்டேன். நாளை ஸ்மால் கிளெய்ம்ஸுக்கும் (சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் நடுவர் மன்றம்) மனு போடுகிறேன். 20,000 வெள்ளி வரைக்கும், இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் கிடையாது. நடக்கிறதைப் பார்ப்போம்.

லேஅவுட் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு இல்லை. சுருக்கமாக: குடியேறப்போகிற அதே கதவைத் திறந்து உள்ளே போகாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். எல்.ஓ.ஐ.யில் முதலில் எண்ணைப் பாருங்கள், ஏர்கான் எல்லாம் பிறகு. வீடு பார்த்து ஒப்பந்தம் ஒத்துவராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மேனேஜ்மென்ட் ஆபீஸில் ஒரு எட்டு நுழைந்து பிளானையும் பழுதுபார்க்கும் வேலைகளையும் கேளுங்கள். பகலில் ஒருமுறை, சனிக்கிழமை இரவு ஒருமுறை ஜன்னலருகே நின்று பாருங்கள். ஊர் பேர் சொல்லி உறவு கொண்டாடினால் பர்ஸை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள்.

இப்போதுதான் மறுபடி அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது. அதே ஒன்பது படங்கள், அதே டம்ப்பெல் பிளான். வாடகையில் மட்டும் நூறு வெள்ளி குறைத்து 4,500 ஆக்கியிருக்கிறார்கள்.