வால்-ஓ-மாட்: 38 வசனங்களும் எங்கள் வீட்டுக் குசினி மேசையும்

பெயரைக் கேட்டு, வால் முளைத்த ஏதோ பிராணி என்று நினைக்க வேண்டாம். ஜேர்மன் மொழியில் 'வால்' என்றால் தேர்தல். எந்தக் கட்சி எங்கள் எண்ணத்துக்குக் கிட்ட நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற இலவசச் செயலிதான் இந்த வால்-ஓ-மாட். அரசின் குடியியல் கல்வி நிறுவனம் 2002 முதல் இதை நடத்துகிறது. நெதர்லாந்தில் ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பார்த்துச் செய்தது.

2001இல் எனக்கு ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு தேர்தலும் தவறவிட்டதில்லை. ஆனால் இந்தச் செயலியை மட்டும் தொட்டதே இல்லை. பேப்பர் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று ஒரு நினைப்பு. 2025 பெப்ரவரித் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மகள் வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியில், எங்கள் நகரமான வூப்பர்டாலின் தொங்கு ரயிலில் நாலு தரிப்பிடத்துக்குள் முழுவதையும் செய்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அதில் தேத்தண்ணி குடித்ததும் மனைவியோடு வாக்குவாதப்பட்டதும் அடக்கம்.

வேலை செய்கிற விதம் எளிது. திரையில் ஒரு வசனம் வரும். உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை என்று மூன்று பொத்தான். வேண்டாம் என்றால் தாண்டிப் போகலாம். இப்படி 38 வசனம். உக்ரைனுக்குத் தொடர்ந்து ஆயுத உதவி, ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 15 யூரோ, ரயில் நிலையங்களில் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் என்று எல்லாம் கலந்து வரும். கடைசியில், எது எனக்கு முக்கியமோ அதற்கு இரட்டைப் புள்ளி கொடுக்கலாம். பிறகு கட்சிகளைத் தெரிவு செய்தால் சதவீதம் வரும்.

கணக்கில் மர்மம் ஒன்றும் இல்லை. நானும் கட்சியும் ஒரே பொத்தான் என்றால் 2 புள்ளி. ஒருவர் நடுநிலை, மற்றவர் ஒரு பக்கம் என்றால் 1. எதிரெதிர் என்றால் பூச்சியம். தாண்டிப் போனது கணக்கிலேயே சேராது. இது தெரிந்த பிறகுதான், பயந்து பயந்து 'நடுநிலை' அமத்துகிறவன் எல்லாக் கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் புள்ளி போட்டுக்கொண்டு போகிறான் என்று விளங்கியது. எங்கள் கோயில் நிர்வாகசபைத் தேர்தலிலும் இப்படி ஆட்கள் உண்டு. அதை விடுவம்.

நான் தடக்கி நின்ற வசனம் இதுதான்: வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் வழியாக வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் ஜேர்மன் எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட வேண்டும்.

அந்தத் தேர்தலில் இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் நாடே நின்றது. ஜனவரி 22இல் அஷாஃபென்பூர்க் நகரப் பூங்காவில் ஒரு கத்திக்குத்து. இரண்டு வயதுக் குழந்தையும், காப்பாற்றப் போன ஒருவரும் செத்துப்போனார்கள். பிடிபட்டவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்த ஆப்கானிஸ்தான்காரர். ஒரு கிழமைக்குள், 29ஆம் தேதி, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பழமைவாத சி.டி.யு.வின் தலைவர் மெர்ஸ் எல்லையில் திருப்பி அனுப்பும் தீர்மானத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி.யின் வாக்கும் சேர்ந்து 348க்கு 344 என்று நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து அதே போக்கில் வந்த சட்டமூலம் 338க்கு 350 என்று தோற்றது. தெருவெல்லாம் ஆர்ப்பாட்டம். வேலைத்தலத்திலும் சாப்பாட்டு நேரத்தில் இதே கதைதான். என்னோடு இருபது வருடம் வேலை செய்கிற ஜேர்மன்காரர் ஒருவர், "உன்னைச் சொல்லேல்லை, நீ வேற" என்றார். முப்பத்தெட்டில் ஒன்றாக அது திரையில் வந்தபோது நான் தாண்டிப் போனேன்.

மகள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இதை ஏன் விட்டனீங்கள்? இதுதானே இந்த முறை தேர்தலே?"

சரி, சொல்லத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவளுக்குப் பாதிதான் முன்பு தெரியும்.

1985 வைகாசியில் நான் கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம் என்று வந்தவன். வயது 21. மேற்கு ஜேர்மனி விசா கையில் இல்லை. கிழக்கு ஜேர்மனிக்காரன் பாஸ்போர்ட்டில் ஒரு குத்துக் குத்தி விட்டான். நகர ரயிலில் பிறீட்ரிக்ஸ்ட்ராச நிலையம். அங்கே கிழக்கின் சோதனையைத் தாண்டினால் மறுபக்கத்து ரயில். சில நிமிடத்தில் மேற்கு பேர்லின். அந்தப் பக்கத்தில் ஒருவரும் மறிக்கவில்லை. காரணம் எனக்கு நெடுங்காலம் கழித்துத்தான் தெரிந்தது. மேற்கு அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைத்தால், பேர்லினைப் பிரிக்கிற கோட்டை ஒரு நாட்டெல்லை என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதை ஏற்கக்கூடாது என்பது அவர்களின் கொள்கை. அந்தக் கொள்கையில் இருந்த ஓட்டையால் 83 கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ தமிழ்ப் பெடியள் வந்து சேர்ந்தோம்.

அந்தக் கோடையிலேயே கிழக்கு ஜேர்மனி தமிழரை விடுவதை நிறுத்த ஒத்துக்கொண்டது. அதே கோடையில்தான் மேற்கு ஜேர்மனி கிழக்குக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன் வசதியும் 850 மில்லியன் மார்க்காகக் கூடியது. எதற்கு எது விலை என்று வாசிக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளலாம். நான் சில கிழமை பிந்தியிருந்தால் இந்த விமர்சனத்தை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

மற்ற நாட்டவர்கள் அதே வழியில் தொடர்ந்து வந்தார்கள். 1986இல் ஏறக்குறைய ஒரு லட்சம் அகதி விண்ணப்பம். 1987 ஜனவரியில் தேர்தல். சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி.யின் சான்சலர் வேட்பாளர் யொஹானஸ் ராவ், எங்கள் வூப்பர்டால்காரர், ஒரு காலத்தில் இந்த நகரத்தின் மேயர். அவருடைய கட்சியின் எகோன் பார் கிழக்கு பேர்லினோடு பேசி, மேற்கொண்டு போக விசா இல்லாதவரை ஒக்டோபர் முதலாம் தேதியிலிருந்து விடமாட்டோம் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். செப்டெம்பர் 18ஆம் தேதி ராவே அந்தச் செய்தியை அறிவித்தார். வாசலை அடைத்தது நான்தான் என்று வாக்காளருக்குக் காட்டுகிற அறிவிப்பு. அப்படியும் தேர்தலில் அவருக்கு 37 சதவீதம்தான் கிடைத்தது, பதவியிலிருந்த சான்சலர் கோலே வென்றார். பிறகு ராவ் நாட்டின் ஜனாதிபதியாகவும் இருந்தார். நல்ல மனிதர் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். நானும் மறுக்கமாட்டேன்.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்ப 'உடன்படவில்லை'தானே, அமத்துங்கோவன்" என்றாள். அமத்தினேன். ஆனால் இரட்டைப் புள்ளி அதற்குப் போடவில்லை. அதைப் போட்டது இன்னொரு வசனத்துக்கு: அகதி விண்ணப்பம் கொடுத்தவுடனேயே வேலை செய்ய அனுமதி வேண்டும். 1985இல் வந்த எனக்கு இரண்டு வருடம் வேலை செய்யத் தடை. காம்பில் ஆறு பேர் ஓர் அறை. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கடிதம். கையும் காலும் நல்லாக இருக்க, பகல் முழுக்கச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். எல்லையைப் பற்றி எனக்கு ஆயிரம் குழப்பம் உண்டு. இதில் ஒரு குழப்பமும் இல்லை.

இனிச் செயலியின் நிறைகுறை. இதன் உண்மையான பெறுமதி சதவீதத்தில் இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒவ்வொரு கட்சியும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த விளக்கத்தில் இருக்கிறது. எல்லையில் திருப்பி அனுப்பும் வசனத்துக்கு சி.டி.யு.வும் ஏ.எஃப்.டி.யும் ஒரே பதில், உடன்படுகிறேன். பொத்தானை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. விளக்கத்தை வாசித்தால்தான் எவர் எந்தத் தூரம் போக நினைக்கிறார் என்று தெரியும். மகள் இந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பிள்ளையைப் பிழை சொல்லவும் முடியாது, தொங்கு ரயிலில் நின்றுகொண்டு யார் வாசிப்பது?

வசனங்களை எழுதுகிற குழுவில் இளம் வாக்காளர்களும் இருக்கிறார்கள். அதனால் மொழி சுத்தமாக இருக்கிறது. அரசாங்கக் கடித நடை இல்லை. நான் இங்கே வந்து படித்த ஜேர்மனுக்கே அகராதி தேவைப்படவில்லை. இன்னொன்று, முன்பு ஒரே நேரத்தில் எட்டுக் கட்சியைத்தான் ஒப்பிடலாமாம். 2019 ஐரோப்பியத் தேர்தலின்போது வோல்ட் என்ற சிறிய கட்சி வழக்குப் போட, கேல்ன் நகர நீதிமன்றம் அந்த வரம்பை நிறுத்தச் சொன்னது. இப்போது எல்லாக் கட்சியையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வசனத்துக்குள் அடங்காத விஷயங்களும் இருக்கின்றன. 'திருப்பி அனுப்ப வேண்டும்' என்பது மூன்று சொல். யார் நிற்பது, எந்தப் பாலத்தில், எத்தனை மணிக்கு, அந்தப் பக்கத்து நாடு எடுக்கமாட்டேன் என்றால் என்ன செய்வது, இதெல்லாம் பொத்தானில் இல்லை. மெர்ஸ் சான்சலரான மறுநாளே, 2025 மே 7இல், உள்துறை அமைச்சர் டோப்ரின்ட் அதற்கான உத்தரவைப் போட்டார். ஜூன் 2இல் பேர்லின் நிர்வாக நீதிமன்றம், மூன்று சோமாலியர்களை அப்படித் திருப்பியது சட்டவிரோதம் என்றது. மூன்று வசனத்துக்கு ஒன்றாவது 'எப்படி' என்று கேட்டால் இந்தச் செயலியை இன்னும் நம்புவேன். ஆனால் அப்படிக் கேட்டால் ஒருவரும் தொங்கு ரயிலில் செய்யமாட்டார்கள் என்பதும் தெரிகிறது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

மனைவியின் கதையையும் சொல்ல வேண்டும். அவள் 1991இல் குடும்பம் சேர்கிற விசாவில் வந்தவள். நானும் மகளும் கதைத்துக்கொண்டிருக்க, தன் போனில் தானாகவே செய்துகொண்டிருந்தாள். அந்த எல்லை வசனத்தில் 'உடன்படுகிறேன்' என்று அமத்தியிருந்தாள்.

"என்ன நீர், நான் வந்த வழியையே அடைக்கச் சொல்லுறீரோ?" என்றேன்.

"நீங்கள் வந்திட்டீங்கள்தானே. நான் தூதரகத்தில ஒன்பது மாசம் காத்திருந்து முறைப்படி வந்தனான்."

"முறை இருந்தது, நீர் வந்தீர். எனக்கு முறை எங்கே இருந்தது?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பருப்பு இருந்தது. முடிவைத் தட்டிப் பார்த்தபோது இருவருக்கும் முதலில் வந்தது ஒரே கட்சி. எனக்கு 71 சதவீதம், அவளுக்கு 73. சம்பளம், மருத்துவக் காப்புறுதி, வாடகை எல்லாவற்றிலும் ஒரே பொத்தானைத்தான் அமத்தியிருக்கிறோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எங்கேயோ கணக்குப் பிழை," என்றாள்.