நடுச்சாமமா, விடியக்காலையா, மத்தியானமா: ஏஎல் பிள்ளை எப்போது படிப்பது, எப்போது படுப்பது?

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எடுக்கிற பிள்ளை உள்ள வீட்டில் மூன்று கட்சி இருக்கும். அப்பா விடியக்காலைக் கட்சி. தான் நாலு மணிக்கு எழும்பிப் படித்த கதையைச் சொல்லியே ஆளைக் களைக்கப் பண்ணிவிடுவார். பிள்ளை நடுச்சாமக் கட்சி. அம்மம்மா மட்டும், "சாப்பிட்டிட்டு கொஞ்சம் சரிஞ்சிட்டு எழும்பு பிள்ளை" என்பார். அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திருகோணமலை வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் என் வாக்கு அம்மம்மாவுக்குத்தான்.

முதலில் நடுச்சாமம். அதன் வசதியை மறுக்க முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்கிற வறண்ட சுடுகாற்று அடிக்கிற ஊர் இது. பகலில் ஓட்டுக்குக் கீழே இருந்தால் பேன் சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தள்ளும். இரவு பத்துக்குப் பிறகுதான் அறை ஆறும், வீடும் அடங்கும். பதின்ம வயதில் உடல் கடிகாரமே கொஞ்சம் பிந்தி ஓடும் என்பதால் பிள்ளைக்கு அந்த நேரத்தில் தூக்கமும் வராது. சோம்பல் என்று ஏசுவது நியாயமில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் 7.30-க்கு. ஒரு மணிக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழும்பினால் ஐந்து மணித்தியாலம்கூடத் தேறாது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்பதே தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நள்ளிரவு தாண்டி எழுதிய சேதன இரசாயனக் குறிப்பை அடுத்த நாள் திறந்து பாருங்கள். கடைசி நாலு வரி கோட்டை விட்டுச் சரிந்து இறங்கியிருக்கும், ஒரு அம்புக்குறி பக்க ஓரம் வரை இழுபட்டிருக்கும். கை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு பத்து மணிப் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) வேறு. அதிலுள்ள கபேயினில் பாதி குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். படுத்த பிறகும் மீதி வேலை செய்துகொண்டிருக்கும்.

விடியக்காலை இதைவிட எவ்வளவோ மேல். சுபஹ் பாங்குக்கு முன்னமே எழும்பினால் தெருவில் சத்தமில்லை, போனில் யாருமில்லை, தலையும் தெளிவு. இரவு படித்ததை நித்திரை கொண்டு எழும்பித் திருப்பிப் பார்ப்பதில் தனிப் பலன் உண்டு. 1924-இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் செய்த பரிசோதனையில், மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்கள் அதே அளவு நேரம் விழித்திருந்தபோது நினைவில் வைத்ததைவிடக் கூடுதலாக வைத்திருந்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் இரண்டே இரண்டு மாணவர்கள் என்பது வேறு கதை. பிறகு வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே நின்றன.

விடியக்காலைக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். எட்டு மணிக்கு ரியூசன் விட்டு, குளித்துச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழும்புகிற பிள்ளைக்கு அப்பாவின் முறை நடுச்சாமத்தைவிட நல்லதொன்றுமில்லை. கனவு காணும் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் கூடுதலாக வரும். அலாரம் வெட்டுவது அதைத்தான்.

இனி மத்தியானம். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு, வேர்த்து வழிந்து வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டவுடன் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும், ஆனால் அது வீண் வேலை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் உடல் இயல்பாகவே மந்தமாகும். கச்சானும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. எப்படியும் வீணாகப் போகிற அந்த நேரத்தில் படுத்தால் நட்டம் குறைவு. நீண்டதூர விமானிகளை வைத்து நாசா செய்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், விமானிகள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம்தான். அதற்கே விழிப்பு நன்றாகக் கூடியது. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடும். எழும்பும்போது தலை கனக்கும், கண் எரியும், ஆளும் சினப்பார். ஆகவே பாயில் படுப்பதே நல்லது. மெத்தையும் மூடிய கதவும் மாலை ஐந்து மணிக்குத்தான் ஆளை விடும்.

மத்தியானத் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது, அதையும் சொல்ல வேண்டும். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்பி, மத்தியானம் 25 நிமிடம்: எட்டு மணித்தியாலம் நிறையாவிட்டாலும், என் கணக்கில் நம் ஊருக்கு ஒத்துவருவது இதுதான். மாலையில் டச்பே கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வருவதை மிச்ச ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். போன் பார்ப்பதை ஓய்வு என்று நான் எண்ணவில்லை.

நாலாவது கட்சியும் உண்டு. "சோதினை முடியட்டும், பிறகு ஒரு மாதம் தூங்குவேன்" என்பவர்கள். சோதினை சொன்ன நாளில் முடியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2024 நவம்பர் 25-இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை மழை வெள்ளத்தால் 27-ஆம் திகதி முதல் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4-இல்தான் திரும்பத் தொடங்கியது. வாடைக்காற்று மழைக்காலத்தில் சோதினை வைத்தால் இப்படி நடக்கத்தான் செய்யும். கடைசி நாள் வரைக்கும் என்று இருந்த தெம்பையெல்லாம் எண்ணிச் செலவழித்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் பெரிய இடி.

மத்தியானக் கட்சிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிற்பகல் வினாத்தாள்களும் வரும். தினமும் இரண்டரைக்குக் கண் மூடிப் பழகிய பிள்ளைக்குப் பல்தேர்வு வினாக்களுக்கு நடுவே கொட்டாவி வரலாம். சோதினைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே அந்தத் தூக்கத்தை நிறுத்தி, இரவு அரை மணி முந்திப் படுக்க வைத்தால் போதும். கிண்ணியா, மூதூரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு வீட்டுப் பாய் கிடைக்காது. ஜன்னல் சீட் கிடைத்தால் அதிலேயே கண்ணை மூடுங்கள், இறங்குமிடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு.