எபிக்கில் உடனே வாங்குவதா, ஸ்டீமுக்குக் காத்திருப்பதா?

சில கம்ப்யூட்டர் கேம்கள் முதலில் எபிக் என்ற ஆன்லைன் கடையில் மட்டும் வந்து, பிறகுதான் ஸ்டீம் என்ற போட்டிக் கடைக்கு வருகின்றன. கேம் தயாரிப்பவர் பக்கம் நின்று பார்த்தால் எபிக்குக்கே என் ஓட்டு. 2018 டிசம்பரில் கடை திறந்தபோதே கமிஷன் 12 சதவீதம்தான் என்றார்கள். ஸ்டீம் எடுப்பது 30. வசூல் கோடி டாலர் கணக்கில் போனால்தான் 25, 20 என்று இறங்கும். அதற்கு மேல், எபிக்கில் மட்டும் விற்கச் சம்மதித்தவர்களுக்கு முன்பணமும் கொடுத்தார்கள். ‘கண்ட்ரோல்’ கேமுக்குக் கொடுத்தது சுமார் 95 லட்சம் யூரோ.

வாங்குபவர் பக்கம் கதையே வேறு. ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ ஸ்டீமில் முன்பதிவில் இருந்தது. 2019 பிப்ரவரி வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில் அங்கே விற்பனையை நிறுத்தி எபிக்குக்கு மாற்றினார்கள். முன்பதிவு செய்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்கு ஓராண்டு காத்திருப்பு. ஆத்திரமெல்லாம் பழைய மெட்ரோ கேம்களின் விமர்சனப் பக்கத்தில் போய்க் கொட்டியது. (அவை என்ன பாவம் செய்தன?)

‘இன்னொரு லாஞ்சரா’ (கேமைத் திறக்க ஒவ்வொரு கடையும் தரும் ஆப்) என்ற புலம்பல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஷாப்பிங் கார்ட்டே 2021 கடைசியில்தான் எபிக்கில் வந்தது என்பதுதான் உறுத்துகிறது.

சரி, எதை வாங்கலாம்? நண்பர்கள் முதல் நாளே சேர்ந்து ஆடுகிறார்கள் என்றால் எபிக். தனியாக ஆடும் கதை கேம் என்றால் பொறுத்திருங்கள். ஸ்டீமுக்கு வருவதற்குள் பாதி பிழைகளைச் சரிசெய்யும் பேட்ச் வந்திருக்கும்.