தேநீர் இயந்திரத்துக்கு இடம் பிடித்துத் தரும் சேவை: ஆறு மாத அனுபவம்

மட்டக்களப்பு நகரில் சிறிய அளவில் மொத்த வியாபாரம் செய்யும் நான், கடந்த ஆண்டு இரண்டு சூடான பான விற்பனை இயந்திரங்களை வாங்கினேன். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பால் தேநீரோ நெஸ்கபேயோ கடதாசிக் கோப்பையில் வந்து நிற்கும் வகை. இயந்திரத்தை வாங்குவது எளிது, அதை வைப்பதற்கு ஆள்நடமாட்டமும் மின்சாரமும் உரிமையாளரின் சம்மதமும் ஒருங்கே அமைந்த இடத்தைப் பிடிப்பதுதான் பாடு என்று விற்றவரே சொன்னதால், இடம் தேடித் தரும் கொழும்பு நிறுவனம் ஒன்றை அமர்த்தினேன். ஓர் இடத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் கட்டணம். பாதி முற்பணம், மீதி உரிமையாளர் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டதும் கொடுக்க வேண்டும்.

அவர்கள் முதலில் காட்டிய இடம் அலைச்சறுக்குக்குப் பேர்போன கடற்கரையான அறுகம்பேயில் உள்ள ஒரு விருந்தினர் விடுதி. கடிதம் கைக்கு வந்தபோது ஒக்டோபர் மாதம் முடியும் தறுவாய். அலைச்சறுக்குக்காரர்கள் சித்திரை, வைகாசியில் வந்து, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் கிளம்பிவிடுவார்கள் என்பது கிழக்கு மாகாணத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அத்துடன் மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் இயந்திரத்துக்குப் பால்மா நிரப்பவும் கலக்கும் கிண்ணத்தைக் கழுவவும் யார் போவது? பால்மா படும் பாகங்களை நாள்தோறும் கழுவாவிட்டால் இந்த வெக்கையில் புளித்து நாறிவிடும். அந்த இடத்தை நான் மறுத்துவிட்டேன், ஆனால் முற்பணம் திரும்பி வரவில்லை.

இரண்டாவது இடம் ஓர் அரச அலுவலகம். தினமும் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்பதைப் பார்த்து எனக்கும் ஆசை பிறந்தது. பொறுப்பான அலுவலர் கடிதமும் கொடுத்தார், நானும் மீதிப் பணத்தைச் செலுத்தினேன். இயந்திரத்தை இறக்கிய அன்றே சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் தமது ஒப்பந்தப் பத்திரத்துடன் வந்து நின்றார். கேள்விப்பத்திரம் (டெண்டர்) சமர்ப்பித்து ஓராண்டுக்குக் குத்தகை எடுத்தவர் அவர். வளவுக்குள் தேநீர் விற்கும் உரிமை தமக்கு மட்டுமே உண்டு என்று அதில் எழுதியிருந்தது. அவர்மீது எனக்குக் கோபமில்லை, அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அரச வைத்தியசாலையோ பல்கலைக்கழகமோ அலுவலகமோ, முதலில் விசாரிக்க வேண்டியது சிற்றுண்டிச்சாலைக் குத்தகை யாரிடம், எதுவரை என்பதைத்தான். இதை ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். இடம் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கேட்கவில்லை.

மூன்றாவது, கல்முனையில் ஒரு ரியூஷன் நிலையம். மாலை வகுப்புகளால் விற்பனை பரவாயில்லை. நோன்பு மாதத்தில் பகலில் இயந்திரம் சும்மா நின்றது, அதை எதிர்பார்த்தே இருந்தேன். எதிர்பாராதது தாள்களால் வந்த தொல்லை. மாணவர்கள் சட்டைப்பையில் கசங்கிய நூறு ரூபாய்த் தாளை நீட்ட, இயந்திரம் அதைத் திருப்பித் துப்பும். அடுத்த நிமிடமே அவர்கள் வீதியைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள், அங்கே தேநீரோடு சுடச்சுட வடையும் கிடைக்கும். வாசலுக்கு எதிரே தேநீர்க்கடை இருப்பதை இடம் பார்த்தவர் தம் படிவத்தில் குறிப்பிடவே இல்லை. பின்னர் விசாரித்ததில், அவர் கல்முனைக்கு வரவே இல்லை, எல்லாவற்றையும் தொலைபேசியில் பேசியே முடித்திருந்தார் என்று தெரிந்தது. மூன்று மாதத்தில் அந்த இயந்திரத்தைத் திருப்பி எடுத்துவந்தேன்.

நான்காவது இடம்தான் இந்தச் சேவையை முழுக்கக் குறைசொல்ல விடாமல் தடுக்கிறது. மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுத்தவர்களுக்கு உடனே சூடாக ஏதாவது வேண்டும். முதியவரை அழைத்துவந்த பிள்ளையும் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கோப்பை வாங்குவார். சீனி சேர்க்காத பிளேன்ரீக்கு ஒரு பொத்தானை ஒதுக்கியது என் யோசனை, இன்று அதிகம் விற்பதும் அதுதான். உரிமையாளர் முதலில் மாத வாடகை கேட்டார். நிறுவனத்தார் பேசி, விற்பனையில் பத்து வீதம் என்று மாற்றிக் கொடுத்தார்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் இதன் அருமை புரிகிறது.

அவர்கள் தயாரித்த ஒப்பந்தப் பத்திரத்தையும் பாராட்ட வேண்டும். மின்கட்டணம் யாருடையது, இயந்திரம் சேதமானால் யார் பொறுப்பு, திறப்பு யாரிடம் இருக்கும், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பனவெல்லாம் தெளிவான தமிழில் இருந்தன. நானாக எழுதியிருந்தால் பாதியை விட்டிருப்பேன்.

ஆகவே, இவர்கள் தருவது உரிமையாளரின் சம்மதத்தையே, விற்பனை நடக்கும் இடத்தை அல்ல என்று தெரிந்துகொண்டு அமர்த்துபவருக்கு இச்சேவை பயன்படும். காட்டும் இடத்துக்கு ஒரு வேலைநாளில் நேரில் போய் இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். மீதிப் பணத்தை, கடிதம் கிடைத்ததும் அல்ல, இயந்திரம் ஒரு மாதம் ஓடிய பிறகே கொடுப்பதாகப் பேசுங்கள். என் இரண்டாவது இயந்திரத்துக்காக அண்மையில் நான் அப்படிக் கேட்டபோது அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். முதல் நாளே கேட்டிருக்கலாம்.