யூரியா: முன்னாடியே கொட்டுவதா, கதிருக்கு ஒதுக்கி வைப்பதா?

ஆரணிப் பக்கம் மில்லில் நெல் இறக்கும்போது மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு கை நெல்லை உருவுவார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். கண்ணாடி போல இருந்தால் ஒரு விலை. வயிற்றில் சுண்ணாம்புப் பொட்டு தெரிந்தாலோ முற்றாத பச்சை மணி நாலு கலந்திருந்தாலோ விலை இறங்கும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றுதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அரை நிமிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ரகமும் வெயிலும் நம் கையில் இல்லை. யூரியா நம் கையில் இருக்கிறது. அதை எப்போது போடுகிறோம் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு பழக்கம் உண்டு.

பெரும்பாலானோர் செய்வது இரண்டு கை. நட்ட 15-ஆம் நாள் ஒன்று, 30-ஆம் நாள் ஒன்று, அதோடு சரி. ஆள் கூலி மிச்சம், மூட்டை கிடைக்கிறபோதே போட்டு முடித்த நிம்மதி, ஒரே வாரத்தில் கழனி கரும்பச்சையாகிவிடும். அந்தப் பச்சையைப் பார்த்தால் யாருக்கும் மனம் நிறையும், எனக்கும் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பச்சை தூருக்கு, அதாவது அடியிலிருந்து வெடிக்கும் பக்கத்தண்டுக்குப் போகிறது. தூர் கட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் வெடித்த தூர்களின் கதிர் மற்றவற்றுக்குப் பின்தங்கும். அறுவடை மெஷின் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அறுக்கும். முற்றினதோடு பால் மாறாததும், உள்ளே நிரம்பாத கருக்காயும் கலந்து வரும், மில்லில் அதெல்லாம் நொய்யாகும். அரசு கொள்முதலில் முதிராத, சுருங்கிய மணி 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குலைநோய், புகையான், இலைச்சுருட்டுப்புழு மூன்றுக்கும் இந்தக் கொழுத்த பயிர்தான் விருந்து. சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்று அடித்தால் முதலில் படுப்பதும் இதுதான். படுத்த கதிர் தண்ணீரில் ஊறி முளைவிட்டால் அந்த நெல்லை யாரும் தொட மாட்டார்கள்.

இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். ஒரே நேரத்தில் கொட்டினால் பயிர் எடுத்துக்கொள்வதற்குள் பாதிக்கு மேல்கூட ஆவியாகவும் கசிந்தும் போய்விடலாம். பாலாற்றங்கரை மணல்பாங்கான கழனியில் இது இன்னும் வேகம். கதிர் வெளிவந்து சத்து தேவைப்படும் நாளில் கீழ் இலை பழுத்து நிற்கும்.

இரண்டாவது வழி, பிரித்துப் போடுவது. எங்கள் பக்கத்துக் குறுகிய கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என நாலு சம பங்கு. ஏக்கர் கணக்கில் ஒரு தவணைக்குச் சுமார் 26 கிலோ யூரியா. மொத்தத்தில் 45 கிலோ மூட்டை இரண்டேகாலுக்குக் கொஞ்சம் மேல்தான். இரண்டு கைக்காரர்கள் பலர் இதைவிட அதிகம் போடுகிறார்கள்.

அரிசிக்கு வேலை செய்வது அந்தக் கடைசிப் பங்கு, அதாவது கதிர் உரம். பால் பிடிக்கும் நேரத்தில் இலையிலிருந்து மணிக்குத் தழைச்சத்து இறங்கிப் புரதமாகிறது. மாவுத் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் புரதம் அடைத்தால் மணி இறுகி, கண்ணாடியாகிறது. இடைவெளியில் காற்று தங்கினால் அதுவே சுண்ணாம்புப் பொட்டு. தீட்டும்போது அந்த இடத்தில்தான் முறியும். சம்பாவுக்கு அடுத்து வரும் நவரைப் போகத்தில் மணி முற்றுவது பங்குனி வெயிலில். ராத்திரிச் சூடும் சேர்ந்தால் பொட்டு தானாகவே கூடும். அதனால் நவரையில் கதிர் உரத்தை நான் விடவே மாட்டேன். சம்பாவில் பயிர் ஏற்கெனவே பச்சையாக நின்றால் அதைக் குறைத்துக்கொள்வேன்.

புழுங்கலுக்குப் போகிற நெல்லுக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேகவைக்கும்போது மாவு பிசின் போல இளகி வெடிப்பை ஒட்டிவிடும், பொட்டும் மறைந்துவிடும். ஆனால் பச்சை மணியும் கருக்காயும் வேகவைத்தாலும் நல்ல அரிசி ஆகாது. பச்சரிசிக்கு விற்பவர்களுக்கோ தப்பிக்க வழியே இல்லை.

இனி வீட்டுச் சோறு. இங்கே கணக்கு தலைகீழ். புரதம் கூடின அரிசி அதிகத் தண்ணீர் கேட்கும், வேக நேரம் எடுக்கும், ஆறினால் விறைக்கும். ஜப்பானில் கோஷிஹிகாரி ரகம் பயிரிடுகிறவர்கள் சுவைக்காகவே தழைச்சத்தை அடக்கி வாசிக்கிறார்கள். மில்லுக்கு நல்ல அரிசி வேறு, தட்டுக்கு நல்ல அரிசி வேறு என்று எனக்குப் புரிய இரண்டு போகம் ஆனது. ஒரே ரகத்தைப் பக்கத்துப் பக்கத்துக் கழனியில் வைத்து, ஒன்றுக்குக் கதிர் உரம் போட்டேன், இன்னொன்றுக்கு விட்டேன். உரம் போட்டதில் நொய் குறைவு, பார்க்க அழகு. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைக் காலையில் பிசைந்து பார்த்த அம்மா, "இது கைக்கு மசியலையே, அந்தக் கழனி அரிசியையே போடு" என்றார். இப்போது சாப்பாட்டுக்கு விடுகிற துண்டில் கடைசி யூரியா கிடையாது. ஆவணியில், தழை உரத்துக்காக வளர்த்த தக்கைப்பூண்டை மடக்கி உழுது, எருவோடு நிறுத்திக்கொள்கிறேன். விளைச்சலில் மூட்டை குறையும், அதை மறைக்க மாட்டேன். நவரைக்கு அந்த வழி சரிவராது. சம்பா அறுத்ததும் நாற்று விட வேண்டும், தழை வளர்க்க நாள் எங்கே?

2021-இல் வந்த, இலையில் தெளிக்கும் நானோ யூரியாவைக் கேட்பவர்களுக்கு: முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது சுமார் 20 கிராம். ஒரு யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். அதை நம்பிக் கதிர் உரத்தை நான் நிறுத்தவில்லை.

எந்த வழியில் போனாலும் கையில் இலை வண்ண அட்டை இருக்கட்டும்; வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, வெயில் ஏறுமுன், முழுதாக விரிந்த மேல் இலையை உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலையில் ஆறு, குறித்த எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் உரம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பொன்னி உயரமாக வளர்ந்து சாயும் பயிர். அதற்கு 4 வரும் வரை யூரியா ஏற்றினால் அறுப்புக்கு முன்னாடியே கழனி தரையோடு கிடக்கும்.