எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்கு: டிஆர், டிஆர்ஈ, டிஆர்ஓடி

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கோப்பை ஐபிஎம் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியிலிருந்து வெளியே எடுத்தபோது, மஹேபூர் என்ற ஊர்ப்பெயரின் நடுவே ஒரு சுருள் அடைப்புக்குறி முளைத்திருந்தது. தரவு, அந்தக் கணினிகளின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில், பிரெஞ்சுக்குரிய 297ஆம் கோடு பேஜில் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல்) இருந்தது. நான் இணைத்த அட்டவணையோ அமெரிக்காவின் 037க்கு உரியது. முன்னதில் சி0 (பதினாறடி எண்ணில் எழுதிய ஒரு பைட்) என்பது தலைக்குறி ஏறிய பிரெஞ்சு 'இ'. பின்னதில் அதே சி0 அடைப்புக்குறி. ஆகவே குறியீட்டை மாற்றித் தரும் டிஆர், டிஆர்ஈ, டிஆர்ஓடி என்ற மூன்று செயலிக் கட்டளைகளை ஒப்பிடும் முன், மூல கோடு பேஜ் எது என்று உறுதி செய்வதே முதல் வேலை. ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடான ஆஸ்கி 7 பிட் மட்டுமே என்பதால் அந்த எழுத்துக்கு அதில் இடமே இல்லை. நாம் உண்மையில் நாடுவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும் சேர்ந்த லத்தீன்-1 குறியீட்டின் இ9.

1964இல் சிஸ்டம்/360உடன் வந்த டிஆர், ஒவ்வொரு பைட்டின் மதிப்பையும் 256 பைட் அட்டவணையில் இட எண்ணாகக் கொண்டு, அங்குள்ள பைட்டை அதே இடத்தில் எழுதிவிடுகிறது. ஒரு முறைக்கு 256 பைட்டே எல்லை என்பது குறைதான். ஆனால் புலம் புலமாக மாற்றும் பழக்கத்தை அது வளர்க்கிறது. எண்களும் எழுத்துகளும் கலந்த ரெக்கார்டுக்கு இதையே நான் விரும்புகிறேன். பேக்டு டெசிமலில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல்-கழித்தல் குறி) 400 ரூபாய் 00 40 0சி என நிற்கும். முழு ரெக்கார்டையும் கண்மூடி மாற்றினால், எப்சிடிக் இடைவெளியான 40 ஆஸ்கி இடைவெளியான 20 ஆகி, தொகை 200 ரூபாயாகிவிடும். எண் செல்லுபடியாகவே இருப்பதால் நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது.

டிஆர்ஈ நீளத்தை ரெஜிஸ்டரில் (செயலியின் உள் நினைவிடம்) ஏற்பதால் நெடிய உரைக்கு வசதியானது. எனினும் செயலி பாதியில் நிறுத்தி நிலைக்குறி (கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 3 தரக்கூடும். அப்போது கட்டளைக்கே திரும்பிச் செல்ல வேண்டும். 0ஆம் எண் ரெஜிஸ்டரில் உள்ள சோதனை பைட் உரையில் எதிர்ப்பட்டால், அதை மாற்றாமலேயே நிலைக்குறி 1உடன் நின்றுவிடும்.

இணையத்துக்குச் செல்லும் தரவுக்கு இவ்விரண்டும் போதா. டிஆர்ஓடி ஒவ்வொரு பைட்டையும் யூனிகோடின் இரண்டு பைட் வடிவமான யுடிஎஃப்-16 ஆக்கும். அதன்பின் சியு21 என்ற கட்டளை அதை யூனிகோடின் இன்னொரு வடிவமான யுடிஎஃப்-8 ஆக்கும். நமது ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு. மேற்சொன்ன கோடு பேஜ்களில் இல்லை. ஆகவே பெயரைத் தமிழிலும் சேர்க்க எண்ணினால், புல நீளங்களை இப்போதே திருத்த வேண்டும்: வேலாயுதம் என்ற பெயர் யுடிஎஃப்-8இல் 27 பைட் கேட்கும், பழைய ரெக்கார்டில் பெயருக்கு ஒதுக்கியிருந்தது 20.