வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறி மூன்று வருடம்

மேசைக் கணினியை வைஃபையிலிருந்து எடுத்து லேன் கேபிளில் மாட்டி மூன்று வருடம் முடிந்துவிட்டது. மாட்டிய புதிதில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும் என்பதால், இத்தனை நாள் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

நான் வேகத்துக்காக மாறவில்லை. வைஃபையிலேயே வேகச் சோதனை 200 எம்பிபிஎஸ்-க்கு (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) மேல் காட்டியது. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. வீடியோ கூட்டத்தில் பேசும்போது என் குரல் பாதியில் அறுந்துபோகும். "கேட்கலை, மறுபடி சொல்லுங்க" என்பார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து முறை இதைக் கேட்டால் பேச வந்த விஷயமே மறந்துவிடும்.

இணைப்பு தருபவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். வெளியே ஏதோ ஒரு தளத்துக்கு அல்லாமல், வீட்டு ரூட்டரின் முகவரிக்கே பத்து நிமிடம் பிங் (சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டேன். பெரும்பாலும் 2, 3 மில்லிசெகண்ட். நடுநடுவே 80, 150, ஒரு தடவை 300-ஐயும் தாண்டியது. சிலவற்றுக்குப் பதிலே வரவில்லை. என் கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவே இருக்கும் காற்றில்தான் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. உங்களுக்கும் இதே தொல்லை என்றால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ரூட்டர் வரை சீராக இருந்தால் கேபிள் போட்டும் பயனில்லை.

வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசையில்) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். நம் வீட்டுக் கைபேசிகள் மட்டுமில்லை, அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டுக் கருவிகளும் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. வழியில் தொலைந்தது மறுபடி அனுப்பப்படும். அதனால் வேகச் சோதனையில் குறை தெரியாது, பேச்சில் மட்டும் தெரியும். கேபிளில் அந்த வரிசையே இல்லை. போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ரூட்டர் கூடத்தில், கணினி பின்னறையில். கண் மதிப்பில் 11 மீட்டர் என்று நினைத்தேன். சுவரோரமாக, கதவுச் சட்டத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்தபோது 17 மீட்டர் வந்தது. 20 மீட்டர் வாங்கினேன். 100 மீட்டர் வரை போடலாம் என்பதால் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1 ஜிபிபிஎஸ்-க்கு (1000 எம்பிபிஎஸ்) கேட் 5ஈ வகைக் கேபிள் போதும், நான் போட்டது கேட் 6. முழுச் செம்பா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கம்பி அடிக்கடி மடித்தால் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடலாம். மின்கம்பியோடு ஒட்டி நீளமாக ஓட்டாதீர்கள். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டுங்கள்.

சட்டத்தில் போட்ட துளையில் பிளக் நுழையவில்லை. முனையை வெட்டி, உள்ளே விட்டு, மறுபக்கம் புதுப் பிளக்கை நானே கிரிம்ப் செய்தேன் (கருவியால் அழுத்திப் பொருத்தினேன்). எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் அறையைச் சுத்தம் செய்ய மேசையை நகர்த்தினோம். அதன்பின் வேகம் 94 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறவே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அதே 94. ஏற்ற இறக்கம் இல்லாத அந்த எண்தான் துப்புக் கொடுத்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 1 ஜிபிபிஎஸ்-க்கு எட்டும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்-க்கு நான்கே போதும். எங்கோ ஒன்று தொடர்பு விட்டதால் இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது.

பிளக்கைக் கழற்றி விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் ஏழு செம்பு முனைகள் வரிசையாக மின்னின. கடைசியில் இருந்த பழுப்புக் கம்பி மட்டும் ஒரு மயிரிழை பின்னாலேயே நின்றுவிட்டது. இத்தனை நாள் பட்டும் படாமலும் ஓடியிருக்கிறது. நல்லவேளை, மேசைக்கடியில் இரண்டு மீட்டர் சுருட்டி விட்டிருந்தேன். முனையை வெட்டி, நிறவரிசை பார்த்து, எட்டு முனையையும் ஒரே மட்டமாக நறுக்கி, பிளக்கின் நெற்றியில் முட்டும்வரை தள்ளி அழுத்தினேன். மறுபடி 1000. கூடுதல் நீளத்தை யாரும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, கேபிள் போட்டதும் அந்தக் கணினியில் வைஃபையை அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் விட்டிருந்தேன். பிளக்கின் கொக்கி உடைந்து கேபிள் நழுவியபோது கணினி சத்தமில்லாமல் வைஃபைக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துக் குரல் அறுந்த பிறகுதான் தெரிந்தது. கேபிளுக்கு மாறினால் கணினியின் மேக் முகவரியும் (ரூட்டர் கருவியை அடையாளம் காணும் எண்) வேறாகிவிடும். ரூட்டரில் அந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கி வைத்திருந்தால் அதைப் புதிதாகப் பதியவேண்டும்.

இணையப் பக்கங்கள் முன்பைவிட வேகமாகத் திறக்கின்றனவா என்றால், இல்லை. யூடியூபிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குரல் அறுவது, அந்த நழுவிய இரண்டு நாள் தவிர, அறவே நின்றது. வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கு 60 ஜிபி படங்களை அனுப்ப முன்பு முக்கால் மணி நேரம் போகும். இப்போது விநாடிக்கு 110 மெகாபைட் வேகத்தில் பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. பேக்கப்பைத் தள்ளிப்போடும் பழக்கமே போய்விட்டது. மேசையை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது, அது ஒன்றுதான் இழப்பு.

அடுத்து டிவிக்கும் ஒரு கேபிள் இழுக்கப் போகிறேன். அதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகைதான், சோதனையில் வைஃபையைவிடக் குறைவாகவே காட்டும். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் அளவு சீராக வந்தால் போதும் என்பதால் அது எனக்குப் பொருட்டில்லை. நூல் பிடித்து அளந்துவிட்டேன், 9 மீட்டர். 12 வாங்குவேன்.